கசக்குது... ஆனா பிடிச்சிருக்கு!



இன்டர்னல் டெஸ்ட், ரெக்கார்டு நோட்டு, ஹெச்.ஓ.டி ரூம் வாசல்ல கையெழுத்துக்குத் தவம்னு பிஸியா இருப்பீங்க. ஒரு பத்து நிமிஷம் பேக்கை இறக்கி வைங்க. டிரெயினு, ஹாஸ்டலு, கேன்டீனுன்னு சுத்திக்கிட்டு இருந்த நம்ம பக்கம், இந்த வாரம் நேரா வீட்டுக் கொல்லைக்குப் போகுது.

மேட்டர் என்னன்னா... பாகற்காய்!

'ஐயய்யோ'ன்னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க பாஸ். மெஸ்ஸுல கருகிப் போய்க் கிடக்குமே, தட்டு ஓரமா ஒதுக்கிட்டு எழுந்திருப்போமே... அது இல்ல. இவரு வேற ஆளு. சைஸுல சின்னவரு, கசப்புல பெரியவரு. பேரு மிதி பாகல். சொந்த ஊரு புவனகிரி. அதாவது, எங்க ஊரு!

யாரு இந்த மிதி?

சிதம்பரத்துல விருத்தாசலம் பஸ் ஏறினா, நீங்க இயர்போன் சிக்கெடுத்து முடிக்கிறதுக்குள்ள வெள்ளாத்துப் பாலம் வந்துடும். பாலம் தாண்டினா புவனகிரி. ராகவேந்திரர் பிறந்த ஊர்னு வெளியூர்க்காரங்களுக்குத் தெரியும். இங்கேருந்து கிழக்கே ஓடி, பரங்கிப்பேட்டைகிட்ட கடல்ல கலக்குது வெள்ளாறு. மணலும் வண்டலும் கலந்த இந்த ஆத்தோர மண்ணுல, சம்பா அறுப்பு முடிஞ்ச கையோட போடுற கோடைப் பயிர்தான் மிதி பாகல்.

மார்க்கெட்டுல நீளமா, ஒரு சாண், ஒரு முழம்னு தொங்குறது கொம்பு பாகல். மதுரை வேளாண் கல்லூரியில உருவான 'எம்.டி.யூ. 1' ரகமெல்லாம் 30, 40 சென்டிமீட்டர் வரைக்கும் நீளும். அதுக்குப் பந்தல் வேணும், கம்பி வேணும், செலவு இருக்கு. மிதி பாகலுக்கு அதெல்லாம் வேணாம். தரையிலேயே படரும். நடக்குறவங்க கால்ல மிதிபடுற மாதிரி கிடக்குறதால அந்தப் பேருன்னு ஊர்ல சொல்லுவாங்க. காய் கட்டைவிரலை விடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். உடம்பு பூரா முள்ளு முள்ளா இருக்கும். தாவரவியல்ல பாகலுக்குப் பேரு 'மொமோர்டிகா சரன்ஷியா'. மொமோர்டிகாங்கிறது 'கடி'ங்கிற அர்த்தம் உள்ள லத்தீன் சொல்லுல இருந்து வந்தது. விதையோட ஓரத்தைப் பாருங்க, யாரோ பல்லால கடிச்சு வெச்ச மாதிரியே இருக்கும்!

இந்தக் குட்டிப் பையனுக்கு இப்போ மவுசு வந்திருக்கு. 2024 பிப்ரவரியில தமிழ்நாடு அரசு போட்ட வேளாண் பட்ஜெட்டுல, புவிசார் குறியீடு வாங்க முயற்சி எடுக்கப்படும்னு சொன்ன பொருட்கள் வரிசையில 'புவனகிரி மிதி பாகற்காய்' இருந்துச்சு. அதுக்கு முந்தின வருஷம், 2023 பட்ஜெட் பட்டியல்ல இருந்தது, நம்ம கடலூர் மாவட்டத்துக் கோட்டிமுளை கத்தரிக்காய். டார்ஜிலிங் டீ, காஞ்சிபுரம் பட்டு, திண்டுக்கல் பூட்டு உட்கார்ந்திருக்கிற வரிசையில எங்க ஊரு பாகற்காய்க்கும் துண்டு போட்டு வெச்சிருக்காங்க. காலரைத் தூக்கி விட்டுக்கலாம்ல?

தூக்கலாம். ஆனா ஒரு சின்ன விஷயம் இருக்கு. புவிசார் குறியீடு பாதுகாக்கிறது பேரைத்தான். வேற ஊர்க்காரங்க அந்தப் பேரைச் சொல்லி விக்கக் கூடாது, அவ்வளவுதான். விதையை யாரு பாதுகாக்கிறது? சட்டத்துல அதுக்கு ஆள் போடலை. வருஷா வருஷம் யாரோ ஒருத்தர் வீட்டுல ஒரு காயைப் பழுக்க விட்டு, விதை எடுத்து, காயவெச்சு, அடுத்த தை மாசம் ஊன்றதாலதான் இது இன்னிக்கு வரைக்கும் ஓடிக்கிட்டு இருக்கு. அந்த 'யாரோ ஒருத்தர்' பெரும்பாலும் ஆயாக்கள்தான். அவங்களுக்கு அப்புறம்? நாமெல்லாம் கேம்பஸ்ல செலக்ட் ஆகி ஓ.எம்.ஆர், பெங்களூருன்னு பறந்துடுவோம். அதனாலதான் இந்தக் கோடையில உங்க வீட்டுல ஒரே ஒரு கொடி போடுங்கன்னு கேட்டு இந்த வாரம் வந்திருக்கேன்.

எப்படிப் போடுறது? வாங்க, ஸ்டெப் பை ஸ்டெப்பா பார்ப்போம். லேப் மேனுவலை விட ஈஸிதான்!

பொங்கலுக்கு விதை, உத்திரத்துக்குக் காய்

எங்க பக்கத்துக் காலண்டர் ரொம்ப சிம்பிள். பொங்கல் முடிஞ்சு கரும்புச் சக்கையை அள்ளிப் போட்ட அடுத்த வாரம் விதை. சிதம்பரத்துல மகா சிவராத்திரிக்கு நாட்டியாஞ்சலி ஆடுற சமயம், கொடியில மஞ்சப் பூ. பங்குனி உத்திரத்துக்கு முதல் காய். சித்திரை முழுக்க கூடை கூடையா பறிப்பு. ஆனித் திருமஞ்சனத்துக்குத் தேரு ஓடும்போது, அடுத்த வருஷத்துக்கான விதை காய்ஞ்சு டப்பாவுக்குள்ள போயிருக்கணும்.

உங்க காலண்டர்ல சொல்லணும்னா, செமஸ்டர் ஆரம்பிக்கும்போது விதை, முதல் இன்டர்னலுக்கு நாலு இலை, மாடல் எக்ஸாமுக்குக் காய். ஸ்டடி லீவுல வீட்டுல இருப்பீங்கள்ல, அப்போ பறிக்கிற வேலை உங்களுக்கு. படிச்சது போரடிச்சா கொல்லைக்குப் போய் நாலு காய் பறிச்சுட்டு வரலாம். செல்லை நோண்டுறதை விட நல்ல பிரேக்!

'இப்போ எதுக்கு அவசரம், ஏப்ரல்ல லீவு விட்டதும் போடுறேனே'ன்னு கேப்பீங்க. அங்கதான் சயின்ஸ் இருக்கு. பாகல், பூசணி, வெள்ளரி குடும்பத்துக் கொடிகள்ல ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஒரே கொடியில ரெண்டும் பூக்கும். வெயில் ஏற ஏற, பகல் நீள நீள ஆண் பூ கூடும், பெண் பூ குறையும். காய்க்கிறது பெண் பூ மட்டும்தான். தையில விதைச்ச கொடி வெயில் உச்சிக்கு வர்றதுக்கு முன்னாடியே வேர் பிடிச்சு, பூத்து, காய்க்க ஆரம்பிச்சுடும். ஏப்ரல்ல விதைச்சா கத்திரி வெயில்ல வெறும் ஆண் பூவா பூத்துக் கொட்டும். அரியர் மாதிரிதான் பாஸ்... தள்ளிப்போட்டா கஷ்டம்!

விட்டுட்டீங்களா? கவலை வேணாம். ஆடியை ஒட்டி இன்னொரு பட்டம் இருக்கு. ஆனா ருசிக்குக் கோடைக் காய்தான்னு எங்க ஆயா அடிச்சுச் சொல்லும்.

ஒரு குழி, அஞ்சு விதை

ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம். இதான் குழி. தோண்டின மண்ணோட, நல்லா மட்கின எருவை சரிபாதி கலந்து திரும்ப நிரப்புங்க. பச்சைச் சாணியை அப்படியே போட்டா சூடு வேரைச் சுட்டுடும், மட்கினதுதான் வேணும்.

பாகல் விதைக்குத் தோல் கெட்டி. ராத்திரி தண்ணியில ஊறப் போடுங்க. காலையில ஈரத்துணியில சுத்தி இருட்டான இடத்துல ரெண்டு நாள் வெச்சா, லேசா வாய் பிளந்து முளை எட்டிப் பார்க்கும். அப்போ குழிக்கு அஞ்சு விதையா, ஒரு இஞ்சுக்குள்ள ஆழத்துல ஊனுங்க. ரெண்டு வாரம் கழிச்சு, தெம்பா இருக்கிற ரெண்டு கன்னை மட்டும் விட்டுட்டு மத்ததைக் கிள்ளிடுங்க. பாவம் பார்த்து அஞ்சையும் விட்டா, அஞ்சும் ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்கும். ஒரு பெஞ்சுல அஞ்சு பேரு உட்கார்ந்து எக்ஸாம் எழுத முடியுமா?

இன்னொரு குழி வேணும்னா ஆறேழு அடி தள்ளிப் போடுங்க. கொடி ஓடுறதுக்கு இடம் விடணும்.

வீட்டுல கொல்லையே இல்லையா? மொட்டை மாடி இருந்தாலும் ஓகே. ஒரு அடிக்கு மேல ஆழம் உள்ள தொட்டியோ பையோ எடுத்து, மண், மட்கின எரு, தென்னை நார்க் கழிவு மூணும் ஒரு பங்கு போடுங்க. அடியில தண்ணி வடிய ஓட்டை கண்டிப்பா இருக்கணும். ஆனா மாடித் தளம் மதியத்துல தோசைக்கல்லு! கொடியை அதுல நேரா படரவிடாதீங்க. தென்னங்கீத்தோ பழைய சணல் சாக்கோ விரிச்சு, அது மேல ஓடவிடுங்க.

தரையிலயும் இதே கதைதான். கொடி ஓடுற இடமெல்லாம் வைக்கோல் பரப்புங்க. அடியில ஈரம் காக்கும், களை முளைக்காது, முக்கியமா காய் நேரா மண்ணுல பட்டு அழுகாது. சம்பா அறுத்த ஊர்ல வைக்கோலுக்கா பஞ்சம்?

இன்ஜினீயர் போட்ட தண்ணிக் கணக்கு

கோடையில செடியைக் கொல்லுறது பெரும்பாலும் வெயில் இல்ல, தண்ணி ஊத்துற முறைதான். மதியம் ரெண்டு மணிக்கு ஒரு குடம் ஊத்திட்டு மூணு நாள் மறந்துட்டா, வேர் மேல் மண்ணுலயே சுருண்டுக்கும். காலையில வெயில் ஏறுறதுக்குள்ள, இலையில படாம, வேர்ப் பக்கம் நின்னு நிதானமா ஊத்துங்க. விரலை ரெண்டு இஞ்ச் மண்ணுக்குள்ள விடுங்க. ஈரம் தட்டுப்பட்டா அன்னிக்குத் தண்ணி வேணாம். அரிசி கழுவின தண்ணி, காய் கழுவின தண்ணி எல்லாம் ஊத்தலாம். சோப்புத் தண்ணி மட்டும் நோ நோ!

சரி, நீங்க ஹாஸ்டலுக்குப் போயிட்டீங்க, வீட்டுலயும் ரெண்டு நாள் கல்யாணத்துக்குக் கிளம்பிட்டாங்கன்னா? இங்கதான் நம்ம படிப்பு உதவுது. ரெண்டு லிட்டர் பாட்டில் ஒண்ணு எடுங்க. மூடியில ஊசியால ஓட்டை போட்டு, பருத்தித் திரியை இறுக்கமா சொருகிக் கவுத்துக் கட்டுங்க. அடிப்பக்கம் காத்து போக ஒரு சின்ன ஓட்டை. திரியை இறுக்கியும் தளர்த்தியும் ரெண்டு செகண்டுக்கு ஒரு சொட்டு விழுற மாதிரி செட் பண்ணுங்க. ஒரு மில்லிக்கு சுமாரா 20 சொட்டு. ரெண்டு லிட்டர்னா 40 ஆயிரம் சொட்டு. அப்போ 80 ஆயிரம் செகண்டு. 3,600 ஆல வகுத்தா... 22 மணி நேரம்! ஒரு பாட்டிலுக்கு ஒரு நாள். ரெண்டு நாளைக்கு ரெண்டு பாட்டில், ரெண்டாவதைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட மாட்டச் சொல்லிட்டுப் போகலாம்.

பாட்டில் பிடிக்கலையா? இன்னும் பழைய டெக்னாலஜி ஒண்ணு இருக்கு. பாலிஷ் போடாத மண்பானையைக் கொடிக்குப் பக்கத்துல கழுத்து வரைக்கும் புதைச்சு, தண்ணி ஊத்தி மூடிடுங்க. பானை கசிஞ்சு கசிஞ்சு வேருக்குக் கொடுக்கும். மண் காய்ஞ்சா கசிவு கூடும், ஈரமா இருந்தா குறையும். சென்சார், கன்ட்ரோலர் எல்லாம் அந்தப் பானைதான். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு யாராவது யோசிச்சுக்கிட்டு இருந்தா, நோட் பண்ணிக்குங்க!

பூவைப் பார்த்துப் பதறாதீங்க

சுமாரா 40 நாள்ல பூ வரும். முதல்ல வர்றது பூரா ஆண் பூ. பூத்துப் பூத்து உதிரும். 'ஐயோ, எல்லாம் கொட்டுதே'ன்னு போன் பண்ணி அலறாதீங்க. அது அப்படித்தான். ஒரு வாரம், பத்து நாள்ல பெண் பூ வந்துடும். கண்டுபிடிக்கிறது ஈஸி. பூவுக்குக் கீழே நகம் அளவுக்கு ஒரு குட்டிப் பாகற்காய் ரெடிமேடா இருந்தா அது பெண் பூ. வெறும் காம்பு மட்டும்னா ஆண் பூ.

பூ விரியுறது காலையில. ஒரே நாள் வாழ்க்கை. அதுக்குள்ள தேனீ வந்து மகரந்தம் கொண்டு போகணும். அதனால காலை நேரத்துல எந்த மருந்தும் தெளிக்கக் கூடாது. இலையில பூச்சி தெரிஞ்சா, சாயங்காலம் வேப்ப எண்ணெய் அடிங்க. லிட்டர் தண்ணிக்கு அஞ்சு மில்லி எண்ணெய், கரையுறதுக்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். இலையை வலை வலையா அரிக்கிற சிவப்பு வண்டு வந்தா, காலைப் பனி ஈரத்துல அடுப்புச் சாம்பலைத் தூவி விடுறது எங்க ஊரு வைத்தியம்.

மாடி ரொம்ப உயரம், தேனீயே வரலைன்னா? நீங்கதான் தேனீ! காலையில ஒரு ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரிச்சுட்டு, அதை பெண் பூவோட நடுவுல மெதுவாத் தொட்டு எடுங்க. ஒரு ஆண் பூ ரெண்டு மூணு பெண் பூவுக்குப் போதும். இந்த வித்தையை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

வில்லன் என்ட்ரி

காய் நல்லா இருக்கு, ஆனா ஒரு பக்கம் கோணி, மஞ்சளாகி, உள்ளே பார்த்தா புழு. இது பழ ஈ வேலை. வீட்டு ஈ மாதிரிதான் இருக்கும். பிஞ்சா இருக்கும்போதே ஊசி மாதிரி குத்தி உள்ள முட்டை வெச்சுட்டுப் போயிடும். அதுக்கப்புறம் வெளியில என்ன மருந்து அடிச்சாலும் உள்ள இருக்கிற புழுவுக்குக் கேக்காது.

ஒரே வழி, உள்ள விடாம தடுக்கிறது. பூ வாடி விழுந்த ரெண்டு மூணு நாள்ல, பிஞ்சுக்குப் பேப்பர்ல கூம்பு செஞ்சு மாட்டி விடுங்க. பழைய கொஸ்டின் பேப்பர் கூட ஓகே, ஒரு பிரயோஜனமாச்சும் இருக்கட்டும்! புழு விழுந்த காயைக் கொடியடியிலயோ எருக்குழியிலயோ எறியாதீங்க. புழு மண்ணுக்குள்ள இறங்கிக் கூட்டுப்புழு ஆகி, அடுத்த பேட்ச் ஈயா கிளம்பி வரும். அந்தக் காயை எல்லாம் ஒரு கவர்ல போட்டு இறுக்கிக் கட்டி, நாலஞ்சு நாள் வெயில்ல வெச்சா கதை முடிஞ்சுது. கொடியைச் சுத்தி மண்ணை அப்பப்போ கிளறி விட்டா, கூட்டுப்புழு மேல வந்து வெயில்லயும் எறும்புகிட்டயும் மாட்டிக்கும்.

பறிக்கிறதும் ஒரு படிப்பு

விதைச்சு 55, 60 நாள்ல முதல் பறிப்பு. மிதி பாகல்ல சைஸை வெச்சு முடிவு பண்ண முடியாது, காயே அவ்வளவுதான். முள்ளைப் பாருங்க. முள்ளு நெருக்கமா, கூரா, காய் கரும்பச்சையா இருந்தா பறிக்கலாம். முள்ளு விரிஞ்சு, மழுங்கி, நிறம் வெளுத்தா லேட்டு. நகத்தால விதையை அழுத்தினா நசுங்கணும், கடகடன்னு இருந்தா முத்திடுச்சு.

காலையிலயே பறிச்சுடுங்க. ஒரு கையால கொடியைப் பிடிச்சுக்கிட்டு, மறு கையால காம்பைக் கத்தரிங்க. இழுத்தீங்கன்னா காயோட கொடியும் வந்துடும். இலைக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும், தூக்கித் தூக்கிப் பார்க்கணும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கணும். இது ரொம்ப முக்கியம். ஏன்னா, ஒரு காய் கொடியில பழுக்க ஆரம்பிச்சா, கொடி 'என் வேலை முடிஞ்சுது, விதை வந்தாச்சு'ன்னு புதுக் காய் வைக்கிறதைக் குறைச்சுடும். பறிக்கப் பறிக்கத்தான் காய்க்கும்.

வெண்டைக்கும் இதே ரூல்தான். நுனியை ஒடிச்சா 'டக்'னு ஒடியணும், வளைஞ்சா அன்னிக்கு அது மாட்டுக்கு. கொத்தவரை நாரோடுறதுக்குள்ள, கீரை பூ எடுக்குறதுக்குள்ள... எல்லாமே ரெண்டு நாள் கேப்தான். கோடைத் தோட்டம் அட்டென்டன்ஸ் பார்க்கும் பாஸ், 75 பர்சென்ட் எல்லாம் பத்தாது!

பறிச்சதை என்ன பண்றது? சின்னக் காயை முழுசா கீறி, புளி, வெல்லம், மிளகாய்த்தூள் போட்டுக் குழம்பு வெச்சா, மறுநாள் பழைய சோத்துக்கு அது தேவாமிர்தம். நிறைய இருந்தா வட்டமா அரிஞ்சு, உப்பு மோர்ல ஊறவெச்சு, கத்திரி வெயில்ல காயவெச்சு வத்தல் போட்டு ஹாஸ்டலுக்கு எடுத்துட்டுப் போங்க. ஒரு வாரத்துல ரூம் மேட்ஸ் டப்பாவைக் காலி பண்ணிடுவாங்க, கேரன்ட்டி. இன்னொண்ணு... வீட்டுல யாருக்காவது சுகர் இருந்தா, 'பாகற்காய் சாப்பிடுறேனே, மாத்திரை எதுக்கு'ன்னு நிறுத்த விட்டுடாதீங்க. காய் காய்தான், மாத்திரை மாத்திரைதான்.

அந்த ஒரு காய்

இப்போ மெயின் மேட்டருக்கு வர்றேன். இவ்வளவு காயையும் பறிங்க, தின்னுங்க, கொடுங்க. ஆனா ஒரே ஒரு காயை மட்டும் கை வைக்காம விட்டுடுங்க.

எதை விடுறது? முதல் பறிப்புக் காய் வேணாம், விட்டா கொடி சீக்கிரம் ஓய்ஞ்சுடும். கடைசிக் காயும் வேணாம், கொடி தளர்ந்து போய்க் காய் சவலையா இருக்கும். சித்திரை நடுவுல, நோயே படாத கொடியில, நல்லா வடிவா இருக்கிற காய். அதுல ஒரு கலர் நூலைக் கட்டிடுங்க. வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க, இல்லேன்னா அம்மா குழம்புல போட்டுடுவாங்க!

அது பச்சையில இருந்து மஞ்சளாகி, ஆரஞ்சாகி, அடியில மூணா பிளந்து பூ மாதிரி விரியும். உள்ளே விதை செக்கச் செவேல்னு ஒரு சதையில மூடி இருக்கும். நாக்குல வெச்சுப் பாருங்க, இனிக்கும்! இவ்வளவு கசப்பான காய்க்குள்ள அப்படி ஒரு இனிப்பு. குருவி, அணில் கொத்திட்டுப் போய் விதையைப் பரப்பணும்ல, அதுக்குத்தான் அந்த ஏற்பாடு. அவங்க வர்றதுக்குள்ள நீங்க எடுத்துடணும். சதையைத் தண்ணியில கசக்கிக் கழுவி, மிதக்குற விதையைத் தள்ளிட்டு, மூழ்குறதை மட்டும் நிழல்ல ஒரு வாரம் உலர்த்துங்க. சாம்பல்ல புரட்டி, ஈரம் இல்லாத டப்பாவுல போட்டு, மேல வருஷம் எழுதி ஒட்டுங்க. ரெண்டு வருஷம் தாராளமா முளைக்கும்.

ஒரு சிக்கல் இருக்கு. பக்கத்து வீட்டுல கொம்பு பாகல் இருந்தா, தேனீ இங்கேயும் அங்கேயும் போய் வந்து ரெண்டையும் கலந்துடும். இந்த வருஷக் காயில ஒண்ணும் தெரியாது, அடுத்த வருஷம் அந்த விதையைப் போட்டா மிதியும் இல்லாம கொம்பும் இல்லாம ஒண்ணு காய்க்கும். சுத்தமான பாகல் விதை எடுக்குறவங்க இதுக்காகவே 500 மீட்டர்ல இருந்து 1,000 மீட்டர் வரைக்கும் இடைவெளி விடுவாங்க. நம்ம தெருவுல அது நடக்குமா? அதனால, முன்னாடி சொன்ன தேனீ வித்தை. நாளைக்கு விரியப் போற பெண் மொட்டுக்கும் ஒரு ஆண் மொட்டுக்கும் சாயங்காலமே சின்னத் துணிப்பை கட்டிடுங்க. காலையில பிரிச்சு, தொட்டு, திரும்பக் கட்டிடுங்க. ரெண்டு நாள் கழிச்சுப் பையை எடுத்துட்டு நூல் கட்டினா, அந்தக் காய் அசல் மிதி.

கடையில வாங்குற ஹைபிரிட் பாக்கெட்டைக் குறை சொல்லலை. நல்லாவே காய்க்கும். ஆனா அதுல இருந்து விதை எடுத்துப் போட்டா, மெண்டல் பட்டாணியில பார்த்த மாதிரி பிள்ளைங்க ஆளுக்கு ஒரு தினுசா வரும். வருஷா வருஷம் கடைக்குத்தான் போகணும். நாட்டு விதை அப்படி இல்ல. 2001-ல வந்த பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டமும், விதையைச் சேமிக்க, விதைக்க, பரிமாறிக்க விவசாயிக்கு உரிமை இருக்குன்னு சொல்லுது. உரிமை இருக்கு, பயன்படுத்தத்தான் ஆளு வேணும்.

பேக்-அப் எடுத்தாச்சா?

ப்ராஜெக்ட் ஃபைலை ஒரே பென் டிரைவ்ல வெச்சு, அது கரப்ட் ஆகி, வைவாவுக்கு முந்தின நாள் அழுத ஃப்ரெண்டு உங்களுக்கும் இருப்பான். விதையும் அப்படித்தான். ஒரே வீட்டுல இருந்தா ஆபத்து. நம்ம மாவட்டத்துக்கு இதை யாரும் சொல்லித் தர வேணாம். 2004 டிசம்பர்ல சுனாமி. 2011 டிசம்பர் 30-ல 'தானே' புயல், ஒரே காலையில பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோட சாய்ஞ்சுது. 2015 கடைசியில வெள்ளம். வீட்டுக்குள்ள தண்ணி வந்தா பரண்ல இருக்கிற விதை டப்பாவை யாரு தேடுவா? அடுத்த தெருவுல, அடுத்த ஊர்ல நாலு பேருகிட்ட அதே விதை இருந்தா, தை மாசம் கேட்டு வாங்கிக்கலாம்.

விதைக்காக உயிரையே கொடுத்தவங்க இருக்காங்க. இரண்டாம் உலகப் போர்ல, 1941-ல இருந்து 1944 வரைக்கும் லெனின்கிராடு நகரத்தை ஜெர்மன் படை முற்றுகை போட்டுச்சு. நிகோலாய் வவிலோவ் உலகம் பூரா சுத்திச் சேர்த்த விதைகள் அங்க ஒரு ஆராய்ச்சி நிலையத்துல இருந்துச்சு. நெல்லு, கோதுமை, பட்டாணின்னு மூட்டை மூட்டையா சுத்தி இருக்க, அதுல கை வைக்காம அங்க வேலை பார்த்தவங்க சில பேரு பட்டினியில செத்துப் போனாங்க.

அவ்வளவு தூரம் போக வேணாம். நம்மாழ்வார் ஐயா வேளாண்மை படிச்சது, இங்க பக்கத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துலதான். 2013 டிசம்பர் 30-ல அவர் காலமாகுற வரைக்கும் நாட்டு விதைகளைக் காப்பாத்துங்கன்னு ஊர் ஊராப் பேசினார். அவர் வழியில வந்த நெல் ஜெயராமன், 2018-ல மறையறதுக்குள்ள 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்தார். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல அவர் நடத்தின நெல் திருவிழாவுல ஒரு சூப்பர் ரூல். ரெண்டு கிலோ விதை வாங்கிட்டுப் போறவங்க, அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பிக் கொடுக்கணும்!

அதே ரூலை நம்ம கேம்பஸுக்குக் கொண்டு வரலாம். ஒரு மிதி பாகல் பழத்துல நாலஞ்சு விதையாவது தேறும். ரெண்டு விதை உங்க க்ளாஸ்மேட்டுக்கு. அவங்க ஊரு சீர்காழியோ, நெய்வேலியோ, சேலமோ, எங்கேயா இருந்தாலும் சரி. அடுத்த கோடையில நாலா திருப்பி வாங்குங்க. உங்க ஊரு கோட்டிமுளைப் பக்கம்னா கத்தரி விதை கொண்டு வாங்க, கைமாத்திக்கலாம். ஃபேர்வெல் டேக்கு ஆட்டோகிராஃப் புக்கும் கப்பும் கொடுக்கிறோம்ல, கூட ஒரு சின்னக் கவர்ல ரெண்டு விதை. வேலை கிடைச்சு எந்த ஊருக்குப் போனாலும், பால்கனியில ஒரு தொட்டிக்கு இடம் இல்லாமலா போயிடும்?

வீட்டுல ஆயா இருந்தா, இந்த வாரக் கடைசியில ஊருக்குப் போகும்போது பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க. பரண் மேல, அஞ்சறைப் பெட்டி ஓரத்துல, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல என்னென்ன விதை வெச்சிருக்காங்கன்னு. பேரு, எந்த மாசம் போடணும், யாரு கொடுத்ததுன்னு ஒரு நோட்டுல எழுதிக்குங்க. அந்த சிலபஸுக்கு புக் கிடையாது, அவங்ககிட்ட மட்டும்தான் இருக்கு.

ஓகே ஃப்ரெண்ட்ஸ், அடுத்த வாரம் செமஸ்டர் ஃபீஸ் கட்ட பார்ட் டைம் வேலைக்குப் போற நம்ம ஆளுங்களோட ஒரு ராத்திரி. அதுவரைக்கும்... ஊறப் போட்ட விதையை மறந்துடாதீங்க, ரெண்டு நாள்தான் டைம்!